ஆறாம் நம்பர் வீடு இறங்கிப் போன வருஷம்

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில், மதலேனம்மாளின் வீடு லயத்தை விட்டு முதன்முதலாக நகர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சீரியல் தொடங்குகிற நேரத்தில். நகர்ந்தது ஒரு விரற்கடை. அவளுக்கும் அவள் தம்பி பாஸ்கலுக்கும் பொதுவாக இருந்த சுவர் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு சுவராக நின்றது. சுண்ணாம்பு உதிரவில்லை, கூரைத் தகரத்தில் ஓர் ஆணிகூடக் கழலவில்லை. அந்த லயத்தில் ஆறு வீடு. ஆறுக்கும் சேர்த்து நீளமாக ஒரே கூரை, முற்றத்தில் ஒரே குழாய். கடைசி வீடு மதலேனம்மாளுடையது, அதை ஒட்டியது பாஸ்கலுடையது. நடுச்சுவரில் இடுப்பு உயரத்தில், கல் ஒன்றைப் பெயர்த்தெடுத்த ஓட்டை உண்டு. இரண்டு வீட்டுக் குழம்புக் கிண்ணமும் அந்த வழியாகத்தான் போகும், வரும்.

அதுவரை லயத்துக்கு டிவி வந்தது டிஜோவின் கேபிளில். ஒரே கறுப்பு வயர் முதல் வீட்டில் நுழைந்து, கூரைக்கு அடியில் ஆறு வீட்டையும் தொட்டுக்கொண்டு போகும். டிஜோ மாதம் ஒரு தடவை வசூலுக்கு வருவான், சாயா குடிப்பான், படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றால் கூரையில் ஏறி வயரை ஆட்டிவிட்டு இறங்குவான், திட்டினால் வாங்கிக்கொள்வான். காட்டு யானை போஸ்ட்டைச் சாய்த்தபோதெல்லாம் திரும்ப நட்டான். யானையோடு மல்லுக்கட்டினவனால் சேனல்காரர்களின் பேக்கேஜோடு மல்லுக்கட்ட முடியவில்லை. யாரும் பார்க்காத சேனலையெல்லாம் அவன் தலையில் கட்டினார்கள். ஊர் ஜனம் ஒவ்வொருவராகப் போனுக்கு மாறியதும் வயரைச் சுருட்டிக்கொண்டு, கடைகளுக்குக் கேமரா மாட்டுகிற வேலைக்கு அடிமாலி போய்விட்டான். அந்த வயர்தான் ஆறு வீட்டையும் கட்டிப் பிடித்திருந்தது என்று பின்னால் சிலர் சொன்னது தப்பு. வயரை உருவின பிறகும் மாதக்கணக்கில் வீடுகள் ஒட்டித்தான் இருந்தன.

கேபிளை விட்டால் லாபம் என்றார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை. ஒரே வயரில் வந்ததைப் பிய்த்து, சீரியலுக்கு ஓர் ஆப், பந்து விளையாட்டுக்கு ஓர் ஆப், படத்துக்கு ஒன்று, அதே படத்தின் இரண்டாம் பாகத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாகக் கடை விரித்தார்கள். கொழுந்து கிள்ளி விரல் கறுத்துப் போனவர்கள் எத்தனை கடைக்கு ஏறி இறங்குவார்கள்? லயத்துக்காரர்கள் கூடிப் பேசி, சீரியல் ஆப்பை மட்டும் பாஸ்கல் பேரில் எடுத்து ஆறு வீட்டிலும் பார்ப்பதென்று முடிவு செய்தார்கள். ஒரு குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. மதலேனம்மாளின் மகன் ஜோமோன், தோட்ட வேலை வேண்டாமென்று டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், ஆறு டிவியிலும் அதைப் போட்டுக்கொடுத்தான். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வசிக்கிறீர்களா என்று திரையில் கேட்டது. பாஸ்கல் வெளியே வந்து, லயத்தின் கூரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆமாம் என்று அழுத்தச் சொன்னான். அவன் சொன்னதில் பொய் எதுவும் கிடையாது.

கொஞ்ச நாள் ஓடிற்று. பிறகு அந்த வெள்ளிக்கிழமை, பாஸ்கல் வீட்டைத் தவிர மற்ற ஐந்து வீட்டிலும் சீரியலுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் வந்தது: இந்த டிவி பாஸ்கலின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. மற்ற நான்கு வீட்டார் போய்த் தொலையட்டும் என்று அணைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பாஸ்கலுக்குச் சொந்தம் இல்லைதான். ஆனால் மதலேனம்மாள் அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அவள் மறுபடி அழுத்தினாள். வீடு நகர்ந்தது.

பாஸ்கல் கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்த பெண் பதவிசாகப் பேசினாள்.

"அது எங்க அக்காவாக்கும், தாயி. ஒரே வயித்துல பொறந்தவ. அவ குடும்பம் இல்லன்னா பின்ன எவ குடும்பம்?"

"புரியுது சார். ரெண்டு டிவிக்கும் ஒரே வைஃபையா சார்?"

"ஒரே கூரை, ஒரே கொழா, ஒரே கல்லறைத் தோட்டம். அவளுக்கு வைஃபை மட்டும் அவ பையன் போன்ல."

அவள் வருத்தம் தெரிவித்தாள். தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டாள். லயம் என்றால் என்னவென்று படத்தில்கூடப் பார்க்காத ஒருவன் எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு, அக்காவும் தம்பியும் ஒரு குடும்பமா இல்லையா என்று தீர்ப்பு எழுதுகிறான். அவனுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்? ஞானஸ்நானம் கொடுத்த சாமியார்கூட அப்படிப் பேசியதில்லை.

மதலேனம்மாள் விடவில்லை. வேலை விட்டு வந்து கால் கழுவினதும் டிவியைப் போடுவாள், வாக்கியம் வரும், வீடு இன்னும் கொஞ்சம் விலகும். முதலில் ஓட்டை வழியாகக் கையை முழங்கை வரை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினார்கள். பிறகு நடுவில் ஒரு பலகை போட்டு அதில் தள்ளிவிட்டார்கள். அதுவும் எட்டாமல் போனபோது பாஸ்கலின் மகள் ஜிஸ்மி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த இடைவெளியைப் பார்த்த யானை ஒன்று அதையே தன் வழியாக்கிக்கொண்டு போய் வந்தது. வீட்டுக்குக் கீழே தேயிலைச் செடிகள் விலகி இடம் கொடுத்துவிட்டு, அது தாண்டியதும் பழையபடி சேர்ந்துகொண்டன. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வீட்டை எடுத்த இடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

"நானா சார் தூக்கிட்டுப் போனேன்? டிவிக்காரங்கிட்ட கேளுங்க," என்றாள் மதலேனம்மாள்.

ஆனால் அன்றே டிவியின் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டாள். தம்பி வீட்டை விட்டு இனி ஓர் அடியும் தள்ளிப் போக அவளுக்கு மனசில்லை. வீடு நின்ற இடத்தில் நின்றது. சீரியலில் என்ன ஆயிற்று என்று கொழுந்துக் காட்டில் மற்றவர்கள் பேசும்போது காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. எஸ்டேட்டின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை போனால், வீட்டில் வேறொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். சாவியைக் கொடுக்காதவர்களுக்குச் சர்வீஸ் பணம் கைக்கு வராது. மூன்று தலைமுறை முதுகில் கூடை சுமந்த குடும்பத்துக்கு நான்கு சுவர் சொந்தமில்லை. ஜோமோன் ஜீப் ஓட்டுகிறான், தோட்டத்து ஆள்கணக்கான பெரட்டில் அவன் பேர் இல்லை. ஊரென்று சொல்லிப் போக அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லறையைத் தவிர எதுவும் மிச்சமில்லை. மதலேனம்மாள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சரிவில் கீழே தெரிந்த எஸ்டேட் எல்லைக்கல்லையே வெகுநேரம் பார்த்தாள்.

"பாஸ்கலு, அந்தக் கல்லுக்கு அந்தாண்ட யாரு எடம்ல?"

"ரோட்டுப் பொறம்போக்கு. பஞ்சாயத்துக்குள்ளது."

அவள் ஈரக்கையோடு உள்ளே போய் டிவி மேல் கிடந்த சேலையை உருவினாள். பாஸ்கலுக்கு விஷயம் பிடிபட்டது. "அங்க போயிட்டா கொழம்ப எப்பிடிக்கா குடுக்க?" என்றான்.

"நடந்து வந்து குடு. காலு இருக்குல்லா."

எந்த வாக்கியத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரிந்ததோ, அதை இப்போது உட்கார்ந்து வரவழைத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே அழுத்தினாள், செபமாலை சொல்லிக்கொண்டே அழுத்தினாள். குடும்பம் இல்லை, குடும்பம் இல்லை என்று கம்பெனி சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணியோடும் கோழிக்கூட்டோடும் வாசலில் நின்ற ரோஜாச் செடியோடும் வீடு சரிவில் இறங்கிப் போயிற்று. எல்லைக்கல்லைத் தாண்டும்போது மட்டும் அடுப்பில் இருந்த பால் லேசாகத் தளும்பியது. ரோட்டோரம் சமதளம் வந்ததும் நின்றுகொண்டது.

கடைசி நாளில் மதலேனம்மாள் வழக்கம் தவறாமல் ஆபீசுக்குப் போய் ஆறாம் நம்பர் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். ஆபீஸ் ஆள் அதை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனபோது, அங்கே வீட்டளவுக்குச் சதுரமாக வெறும் தரையும் கொஞ்சம் யானைச் சாணமும் இருந்தன. மேனேஜர் ரோட்டுக்கு வந்து சத்தம் போட்டார். வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்து சங்கிலி பிடித்து அளந்துவிட்டு, வீடு எஸ்டேட்டுக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நடந்து வந்த வீட்டைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லாததால் பஞ்சாயத்து அதற்குப் புது நம்பர் போட்டது. ஜோமோன் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினான். சர்வீஸ் பணத்தையும் எஸ்டேட்டால் தராமல் இருக்க முடியவில்லை.

அதற்கடுத்த வருஷம் பாஸ்கலின் முறை. ஜிஸ்மியும் கோட்டயத்துக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். அவன் வீட்டில் தோட்டத்துக்குப் பேர் கொடுக்க ஆளில்லை. அவனும் டிவி முன்னால் உட்கார்ந்தான். ஆனால் ஆப் அவன் பேரில் இருந்ததால், எத்தனை தடவை அழுத்தினாலும் சீரியல் அழகாக ஓடியது. வீடு அசையவில்லை. கம்பெனி அவனைக் குடும்பத்தை விட்டு விலக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. ஒரு வாரம் சீரியல் பார்த்துப் பார்த்து நொந்துபோனவன் கீழே நடந்துபோய் அக்காவிடம் சொன்னான். அவள் ஜோமோனிடம் சொல்லித் தன் பேரில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பாஸ்கல் தன்னுடையதை அழித்துவிட்டு அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டான்.

இந்த டிவி மதலேனம்மாளின் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல என்று வந்தது. பாஸ்கல் உடனே அக்காவுக்குப் போன் போட்டான்.

"சொல்லிட்டாங்க்கா. வாரேன்."

அவன் வீடு அவ்வளவு தூரம் வருவதற்குச் சில வாரம் பிடித்தது. அக்கா வீட்டின் சுவரோடு சுவர் உரசி நின்றபோது ஓட்டைக்கு நேராக ஓட்டை வந்திருந்தது. டிவியில் இன்றுவரை அவர்கள் ஒரு குடும்பம் இல்லை. மதலேனம்மாள் அந்தப் பக்கமிருந்து கிண்ணத்தை நீட்டினாள். அன்றைக்கு மத்திக் குழம்பு, உப்பு கொஞ்சம் கூட.