ஆயாவைப் பற்றிய பதிவு

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, போனை எடுத்துவிடுவார். குழந்தைகள் காப்பகத்திலிருந்து எங்கள் மகள் தூங்கி வழிந்தபடி வந்த அன்றும் அப்படித்தான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் படத்தைப் போட்டு, "இந்தப் பொம்பள பிள்ளைங்களுக்குத் தூக்க மருந்து கொடுக்குறா" என்று எழுதினார். ஊரே அதைப் பகிர்ந்தது. ஆயாவுக்கு வேலை போயிற்று.

மருத்துவர்தான் உண்மையைச் சொன்னார். காலையில் சளிக்கென்று இவரே கொடுத்த மருந்தின் மயக்கமாம் அது. ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மூடி ஊற்றியிருக்கிறார் புண்ணியவான்.

பதிவை அழிப்பதற்குள் ஆயா கொடுத்த புகாரில் போலீஸ் வந்துவிட்டது. இணைய அவதூறுச் சட்டமாம், ஜெயில் வரைக்கும் போகுமாம். அடித்துப் பிடித்து ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினோம்.

"இந்தச் சட்டமே செல்லாதுன்னு வாதாடப் போறேன். பதிவை அழிக்காதீங்க, மன்னிப்பும் கேக்காதீங்க. சமாதானமாப் போயிட்டா கேஸ் அங்கேயே முடிஞ்சிடும், சட்டம் அப்படியே இருக்கும்."

"அப்போ ஆயா?" என்றேன்.

"தீர்ப்பு வரட்டும்மா."

அவர் சொன்னதும் தப்பில்லை. ரோட்டுப் பள்ளத்தைப் படம் எடுத்துப் போட்டவர்களைக்கூட அதே சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். நானும் சரியென்று தலையாட்டினேன்.

விசாரணைதோறும் அந்தப் பதிவை உரக்கப் படித்தார்கள். ஆயா பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு உடம்பே கூசும். இவரோ போகப் போக, இஸ்திரி போட்ட சட்டையில் பேட்டி கொடுக்கும் ஆளாகிவிட்டார். வெட்கங்கெட்ட மனுஷன்.

சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வெளியே தாழ்வாரத்தில் எங்களைச் சுற்றி மைக்குகள் மொய்த்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆயா வந்தார்.

"தம்பி, ஜெயிச்சிட்டீங்க, நல்லது. அது பொய்னு மட்டும் இந்த மைக்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேலை கேட்டுப் போற எடத்துல எல்லாம் அந்தப் படத்தத்தான் காட்டுறாங்க."

இவர் வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"கவர்மெண்ட் அப்பீல் போகும். இப்ப எதுவும் பேச வேணாம்," என்று அவர் இவர் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது.

இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிருபர் ஒருவர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

ஆயா என்னைப் பார்த்தார். தினமும் காலையில் என் பிள்ளையை அந்தக் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், "சந்தோஷமா இருக்குங்க," என்றேன்.