பதினான்காம் எரிக்கின் பட்டாணிச் சூப்

லைப்சிக்கில் ஓர் அருங்காட்சியகத்தில் மாதம் ஒருமுறை தமிழில் சுற்றிக்காட்டுவது என் வேலை. சுவீடன் மன்னன் பதினான்காம் எரிக்கின் படத்தருகே எப்போதும் ஒரே கதைதான் சொல்வேன். கண்டவரையெல்லாம் சந்தேகப்பட்டான், பிரபுக்களைக் கொன்றான், சிப்பாயின் மகள் காரினை ராணியாக்கினான். தம்பியே அவனைச் சிறையில் போட்டான். கடைசியில் பட்டாணிச் சூப்பில் நஞ்சு வைத்தார்களாம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்று சுற்றிப்பார்க்க வந்திருந்த விஜயரத்தினம் அண்ணையின் மனைவி மங்கையற்கரசி, படத்துக்கு முன்னாலேயே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க சாப்பிட ஏலாது அக்கா!"

"இவர் சாப்பிட்டு மருந்துக் குளிசை போடுற நேரம், தங்கச்சி. ஆமிக்காரர் காம்பில பிடிச்சு வச்சிருந்து விட்ட நாள் தொட்டு, நான் முதல் வாய் சாப்பிட்டாத்தான் இவர் சாப்பிடுவார்."

ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டார். அதன் பிறகே அண்ணை கை நீட்டினார். முப்பது வருடங்களாக, மூன்று வேளையும் இப்படித்தானாம்.

மங்கையற்கரசி அக்கா படத்தைப் பார்த்தார். "ராஜாவை அந்த மனுசி விட்டிட்டுப் போனவவோ?"

"இல்லை அக்கா. சிறையிலயும் கூட இருந்தவா. பிறகு பிரிச்சுப்போட்டாங்கள்."

"சூப் குடுத்தது அதுக்குப் பிறகோ?"

"ஓம்."

"பின்ன? அவ பக்கத்தில இருக்கேக்க குடுக்க ஏலுமே?" என்றபடி அடுத்த துண்டைப் பிய்த்தார்.