பத்து மணிக்கு நின்ற நீலப் படகு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது என்று தொடங்க நினைத்தேன். எல்லாக் கதையும் அப்படித்தானே, இதில் என்ன பெருமை என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன். நான் ஊர் ஊராகப் போய், உட்கார்ந்த இடத்திலேயே கட்டடங்களையும் படகுகளையும் வரைகிறவன். ஒரு படகை அது இல்லாத இடத்தில் வரைந்தேன். அதனால் ஒரு மனிதர் செத்தார்.

(கடைசி வாக்கியத்தின் ‘அதனால்’ என்ற சொல்லை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

2

முதல் தொடக்கம்: “காலை வெயில் ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் மெல்ல...” வேண்டாம். வெயிலைக் காட்டி ஏமாற்றியது போதும்.

செவ்வாய்க்கிழமை. படகுகளுக்கு ஓய்வு நாள். துறையில் ஈ காக்கை இல்லை. ஏழரை மணிக்கு உட்கார்ந்தேன். ஃபேக்டரியின் துருப்பிடித்த தகரக் கூரை காகிதத்தின் வலதுபக்கத்தை அமுக்கியது. மற்றப் படகுகள் தள்ளி மணலில் ஏறிக் கிடந்தன; இடதுபக்கம் வெறும் தண்ணீர். அங்கே கொஞ்சம் நீலம் தேவைப்பட்டது. முந்தின நாள் மாலை அதே இடத்தில் ஒரு நீலப் படகு நின்றிருந்தது. இன்று இல்லை. நினைவிலிருந்து எடுத்துக் கட்டிவைத்தேன். வெளியில் வரைகிற எல்லாரும் செய்வதுதான்: மரத்தை நகர்த்துவோம், மின்கம்பத்தைப் பிடுங்குவோம். மூலையில் வழக்கம்போல எழுதினேன்: செவ்வாய், காலை 10 மணி.

3

நீலப் படகின் சொந்தக்காரர் முந்தின நாள் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் படகிலேயே படுக்கப் போனவர். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்தும் ஆள் இல்லை, படகும் இல்லை. எப்போது கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை. விடுதிக்காரர் துறைமுக அதிகாரியை என் அறைக்கே கூட்டிவந்தார்.

“சார் காலையிலேருந்து அங்கதான் உக்காந்து வரஞ்சுகிட்டிருந்தாரு.”

அதிகாரி நான் வரைகிற நோட்டைப் புரட்டினார். “பத்து மணிக்குக் கட்டித்தான் கிடந்திருக்கு. அப்போ அதுக்கப்புறம்தான் கிளம்பியிருக்காரு. அந்நேரம் காத்து தெக்கதான் இழுத்துச்சு. தெக்க தேடுவோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “பாத்ததை அப்படியே வரஞ்சிருக்கீங்க சார். கயித்து முடிச்சு வரைக்கும்.”

[இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. இப்போதுகூடவா ஒருவன் வாயைத் திறக்க மாட்டான்? பயந்தான் என்று எழுதிப் பார்த்தேன், சப்பைக்கட்டு. உண்மையில் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. இருபது வருடத்தில் என் படத்தை அப்படி நம்பியவர் யாருமில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையாட்டி வைத்தேன். காலையில் நான் எழுவதற்குள் தேடும் படகுகள் போய்விட்டன. இனிமேல் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று]

இரண்டு நாள் தெற்கே தேடினார்கள். மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் வடக்கே கவிழ்ந்து கிடந்த படகைக் கண்டது. விடியுமுன்பே கிளம்பியவரை அந்நேரத்துக் காற்று வடக்கே கொண்டுபோயிருக்கிறது. தன்னைக் கயிற்றால் படகோடு கட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

4

அடக்கம் முடிந்து அவர் மனைவி விடுதிக்கு வந்தார்.

“அந்தப் படத்தைக் குடுங்கண்ணா. பத்து மணி வரைக்கும் இங்கதான் இருந்திருக்காரு. நான் வீம்புக்கு வீட்லயே உக்காந்துட்டேன். போய்க் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு.”

கிழித்துக் கொடுத்தேன்.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குப் படகு அங்கே இல்லவே இல்லை. காலையில் அவர் போய்க் கூப்பிட்டிருந்தாலும் பயனில்லை. அந்தப் பாரம் இறங்கும். மறுநொடியே, வடக்கே தேடியிருந்தால் கணவர் பிழைத்திருப்பாரே என்பது புரியும்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவர் காலம் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வார். நான் வேறொரு ஊரில் வேறொரு படகை வரைவேன். எழுத எளிது. ஏழு மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்று:

5

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போது படகுக்காரரின் மனைவியே ஃபோன் செய்தார்.

“அண்ணா, படத்தை தினம் பாக்கறேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். படகு கட்டிக் கிடக்கு, உள்ள அவரைக் காணோம். அந்நேரம் எங்க நின்னுகிட்டிருந்தாரு? நீங்க பாத்திருப்பீங்கல்ல?”

“ஒரு நிமிஷம்மா” என்றேன்.

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அவர் வைக்கவில்லை. அங்கே யாரிடமோ, “இரு, அண்ணன் யோசிச்சுச் சொல்றாரு” என்று சொல்வது கேட்கிறது.

எனக்கு எழுத வந்தது இவ்வளவுதான். நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.