ஏழாவது பாரா

...கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், அரை நிமிஷ வேலை, ஆனால் வக்கீல் ஆனந்தகுமார் "ஒரு தடவை நல்லாப் படிச்சுப் பாத்திருங்க அண்ணாச்சி, சத்தியம் பண்ணுதீங்கல்லா" என்று ஒன்பது பக்கத்தை என் மடியில் வைத்துவிட்டார், சத்தியம் என்ற சொல்லை டீ என்று சொல்வதுபோலச் சொல்கிறார், நாளுக்கு இருபது பேர் சத்தியம் செய்துவிட்டுப் போகும் அறையாக இருக்கும், நோட்டரி பதினோரு மணிக்கு வருவாராம், அதுவரை காத்திருக்க வேண்டும், முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்குக் காத்திருப்பது பழக்கமில்லை, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள்தான் எனக்காகக் காத்திருப்பார்கள், நான் டீ குடித்து முடித்து விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும், உலகமே நகரும் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். மனுதாரர் குருநாதன், வயது ஐம்பத்தொன்பது. எதிர்மனுதாரர் ஒன்று, போனைச் செய்த கம்பெனி, வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஏழாவது மாடி. எதிர்மனுதாரர் இரண்டு, பாதுஷா, செல்போன் கடை, திருவேங்கடம் ரோடு. அந்த எதிர்மனுதாரர் இரண்டு இப்போது எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, எனக்காக வாங்கிவந்த வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிந்து கொண்டிருக்கிறான், "கொலஸ்ட்ரால் இருக்கு அண்ணாச்சி உங்களுக்கு, கேஸ் முடியுத வரைக்குமாவது நீங்க இருக்கணும்லா" என்கிறான். போனை விற்றவனையும் சேர்க்காமல் கம்பெனியை மட்டும் இழுக்க முடியாது என்று வக்கீல் சொன்னபோது நான்தான் வேண்டாமென்றேன், அவன் சிரித்தான், போடுங்க சார், கூண்டுல நின்னு உள்ளதைச் சொல்லுதேன், இதே போன் வாங்கின அஞ்சு பேரு இதே பச்சைக்கோட்டோட என் கடைக்கு வந்து நிக்காங்க, அல்லாஹ் மேல ஆணையா சொல்லுவேன் என்றான். எல்லோருக்கும் சத்தியம் செய்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

பச்சைக்கோடு உண்மை. அதில் எனக்குக் கூச்சமே இல்லை. மார்கழியில் போன் தானாகவே ஒரு அப்டேட் கேட்டது, கேட்டதைக் கொடுத்தேன், மறுநாள் காலையில் திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக்கோடு, வயலுக்கு வரப்பு மாதிரி, பிறகு டச் ஒருநாள் வேலை செய்யும் ஒருநாள் மக்கர் பண்ணும், திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனால் அங்கே இருந்த பெண் வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது சார் என்று, ஏதோ இறந்தவரின் பதினோராம் நாளைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள், டிஸ்ப்ளேயை மாற்ற நான்தான் செலவு செய்ய வேண்டுமாம். கெடுத்தது அவர்கள் அனுப்பிய அப்டேட், செலவு என்னுடையது. டீக்கடையில் இதை வைத்து ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது, கடல்ல போயி பெருங்காயத்தைக் கரைக்காதீரும் வே என்றது ஒரு கட்சி, ஒருத்தனாவது கேக்கணும்லா, கேட்டாத்தான அடுத்தவனுக்குப் பயப்படுவான் என்றது இன்னொரு கட்சி, இரண்டு கட்சிக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன், கேலியாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன், என் போனுக்குத்தான் ஓசியில பச்சைக்கொடி காட்டியிருக்கான், சிக்னல் பிரச்சினையே இல்ல என்று. சிரித்தார்கள். என் வாயிலிருந்து வருவதற்கெல்லாம் சிரிக்க வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது, பஸ்ஸில் தொடங்கியது, இப்போது துக்கவீட்டில்கூட என்னைப் பார்த்தால் யாராவது ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறார். வழக்குப் போட வேண்டாமென்றுதான் நான் இருந்தேன். போடச் சொன்னது கோகிலா.

கோகிலா எனக்கு வலப்பக்கம், சுவரோரம், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள், என் தம்பி ராஜதுரையின் பெண்டாட்டி, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எட்டரை மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டாள், அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, மடியில் மஞ்சள் பை, பைக்குள் ராஜதுரையின் பட்டன் போன், சாட்சிக்கு. தை மாதம் இறந்துபோனவன், இது வைகாசி. நாலு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, "அத்தான், அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சது தப்புன்னு ஒரு முத்திரைத் தாள்ல எழுதி வாங்கணும், பைசா வேண்டாம், எழுதி வாங்கணும், அவ்வளவுதான்." அதனால்தான் இந்த ஏழாவது பாரா. வக்கீல் இதுதான் கேஸின் உயிர் என்கிறார், இது இல்லையென்றால் வெறும் டிஸ்ப்ளே விலைதான், இது இருந்தால் மன உளைச்சல், பேரிழப்பு, கோர்ட்டே நிமிர்ந்து உட்காரும் என்கிறார். படிக்கிறேன். மனுதாரரின் உடன்பிறந்த தம்பி ராஜதுரை என்பவர், சம்பவத்தன்று மாலை சுமார் நான்கு மணியளவில், தமக்கு நெஞ்சுவலி ஏற்பட்டதால் மனுதாரரை இருமுறை அழைத்தும், மேற்படி கைப்பேசியின் தொடுதிரை முற்றிலும் செயலிழந்திருந்தபடியால் மனுதாரரால் அழைப்பை ஏற்க இயலாமற் போனது. என்ன அழகான தமிழ், செயலிழந்திருந்தபடியால், ஒரு சொல்லுக்குள் ஒரு ஆளே ஒளிந்துகொள்ளலாம்.

செயலிழந்தது ஆறேகாலுக்கு. கோகிலா பதறிக் கூப்பிட்டபோது எத்தனை தேய்த்தும் திரை அசையவில்லை, அது நிஜம், பிறகு என் வீட்டுக்காரி முத்துத்தாயின் போனுக்கு அடித்துத்தான் அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லாம் முடிந்த பிறகு, ராஜதுரையின் போனைக் காட்டி, "உங்களுக்கு ரெண்டு தடவை போட்டிருக்காரு அத்தான், நாலு பத்துக்கு" என்றாள், நான் என் போனை எடுத்து அவளுக்கு முன்னால் தேய்த்துக் காட்டினேன், டச் எடுக்கலம்மா, பாரு, எடுக்கவே இல்ல. பொய்யா அது? இரண்டு மணி நேரத்தை மட்டும் முன்னே தள்ளி வைத்தேன். டிரிப் ஷீட்டில் அப்படித்தான் செய்வோம், வண்டி லேட் என்றால் நேரத்தைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தி எழுதுவோம், முப்பத்தொரு வருஷத்தில் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நாலு பத்துக்கு நான் முன்னறையில் இருந்தேன், போன் மேஜைமேல், தம்பி என்று எழுத்து வந்தது, எழுத்தின் நடுவே பச்சைக்கோடு. இரண்டு ரிங், நின்றது. மறுபடி இரண்டு ரிங், நின்றது. மூன்று மாதமாக அவன் என்னோடு பேசவில்லை, ஐப்பசியில் அவன் கட்டிய புதுவீட்டுக்குப் பால்காய்ப்பு, மகள் அனுவைக் கட்டப்போகும் வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், முன்னால் இரண்டு தூண் வைத்து நன்றாகத்தான் கட்டியிருந்தான், நான் சும்மா இருக்காமல், "ஏலே, பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரில்லா இருக்கு, ரிஜிஸ்டரை எங்கன வச்சிருக்க, ஓ, உனக்குப் பேனா வேண்டாம்லா, மை டப்பா போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கையில் பால் டம்ளர் தட்டோடு நின்றுகொண்டு. மூன்றாம் கிளாஸோடு நின்றவன், நிறுத்தப்பட்டவன், வீட்டில் ஒருவன் படித்தால் ஒருவன் மாட்டைப் பிடிக்க வேண்டும், படித்தது நான், மாட்டைப் பிடித்தது அவன், அதையே எடுத்து அவன் தலைமேல் போட்டுச் சிரிப்பு வாங்கினேன், டிக்கெட் இல்லாமல் கிடைக்கிற சிரிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மெசேஜ் கிடையாது, எங்களுக்குள் மிஸ்டு கால்தான். கால் செய்தால் காசு போகும் காலத்தில் நாங்களாக வைத்துக்கொண்டது, ஒரு மிஸ்டு கால் என்றால் வண்டி கிளம்பியாச்சு, இரண்டு என்றால் நீ வா. உர மூட்டை ஏற்றியிருந்தால் இரண்டு கொடுப்பேன், அவன் சைக்கிளோடு கரிவலம் ஸ்டாப்பில் நிற்பான். அவன் வயலில் மோட்டார் மக்கர் செய்தால் அவன் இரண்டு கொடுப்பான், டூட்டி முடிந்து நான் போவேன். எடுக்கக்கூடாது. எடுத்தால் காசு போச்சு, அதோடு, எடுத்தால் வரமுடியாது, ஏதோ தடங்கல், அதைச் சொல்லத்தான் எடுக்கிறேன் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் சரி, வாரேன். பிறகு எத்தனை வேண்டுமானாலும் பேசலாம் என்று பிளான் வந்துவிட்டது, அனுவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஏன் பெரியப்பா ரெண்டு பேரும் இப்பமும் மிஸ்டு கால் விளையாடுதீங்க என்பாள், எங்களுக்கு மட்டும் பழக்கம் போகவில்லை, போனில் பேச எங்களுக்கு என்ன இருந்தது.

அப்படியானால் அன்று இரண்டு வந்தபோது எனக்குத் தெரியும். நீ வா என்கிறான். தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது, அதுதான் இந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லாதது, மனுதாரர் சந்தோஷமாக இருந்தார். வழிக்கு வந்துட்டான் பாத்தியா என்று முத்துத்தாயிடம் சொல்ல வாயெடுத்தேன், அவள் கொல்லையில் இருந்தாள், போனைக் கையில் எடுத்தேன், விரலால் தேய்த்தேன், திறந்தது, மிஸ்டு கால் என்று வந்திருந்த அந்த இரண்டு சிவப்பு வரியையும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ பார்த்துக்கொண்டிருந்தேன், விரலுக்கு எல்லாம் கட்டுப்பட்டது அன்றைக்கு. உடனே ஓட வேண்டுமா, மூத்தவன் நான், ஒரு ராத்திரி காயட்டும், நாளைக்குக் காலையில் போவோம், போகும்போது அவனுக்குப் பிடித்த காராச்சேவு வாங்கிக்கொள்வோம். வைத்துவிட்டேன். டிவியில் ஏதோ ஓடியது. பைக்கில் போனால் கரிவலத்துக்கு இருபது நிமிஷம்.

"படிச்சாச்சா அண்ணாச்சி, நோட்டரி கீழ வந்துட்டாரு" என்கிறார் வக்கீல், பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுகிறார். பாதுஷா என் மடியிலிருந்த தாள்களைச் சீராக அடுக்கி மேஜையில் வைக்கிறான், கடைக்காரன் கை. "தைரியமாப் போடுங்க அண்ணாச்சி, நாம என்ன இல்லாததையா சொல்லுதோம்." அதைத்தான் சொல்லியிருக்க வேண்டாம். மற்ற எட்டுப் பக்கமும் சுத்தமாக இருக்கிறது பாதுஷா, நீ தாராளமாகச் சத்தியம் பண்ணலாம், கம்பெனிக்காரன் அநியாயம் செய்தவன், அதில் சந்தேகமில்லை, ஆனால் அவன் செய்யாததை அவன் தலையில் கட்டினால் அவன் செய்ததும் சேர்ந்து கழன்றுவிடாதா, அட, இது என்ன, நியாயம் பேசுகிறேனா, நான் பயந்தது கோர்ட்டுக்கு இல்லையே, கோகிலாவுக்கு. இந்தப் பாரா போய்விட்டால் இவளுக்கு என்ன மிச்சம், பழி சொல்ல நான்தான் மிச்சம். "இந்த ஏழாவது பாராவை எடுத்திருங்க சார்" என்று யாரோ சொல்கிறார்கள், என் குரல்தான். வக்கீல் பேனாவை நீட்டியபடியே நிற்கிறார், "அதை எடுத்தா கேஸ்ல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. "கோகிலா, நாலு மணிக்கு டச் வேலை செஞ்சுது. ரெண்டும் வந்துச்சு. பாத்தேன். ரெண்டுன்னா நீ வா, எடுக்காட்டி வாரேன்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு. நான்தான் எடுக்கல."

பாதுஷா வடைப் பேப்பரை மடிக்கிறான், மடித்ததையே மறுபடி மடிக்கிறான். கோகிலா அழவில்லை, கோபப்படவுமில்லை, மஞ்சள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள், கணக்குப் போடும் முகம், வெகுநாளாக விடை வராத கணக்கு. பிறகு மெதுவாக, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல், "எனக்கு ஒரு தடவைகூடப் போடல அத்தான். அங்கன்வாடில போனைக் கையில வச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்பிடு தூரம். ஏன் எனக்குப் போடலன்னு நாலு மாசமா..." என்று நிறுத்துகிறாள். "நான் போயிப் பாக்கும்போது சட்டையைப் போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டி, மோட்டார் ரூம் படியில ரோட்டைப் பாத்து உக்காந்திருந்தாரு. வயக்காட்டுல என்னைக்குச் சட்டை போட்டாரு. வலியில புத்தி தடுமாறிட்டு போலன்னு நெனச்சேன்." வக்கீல் பேனாவை மூடிவிட்டார். அவள் சொல்லாமல் விட்டதை நானே முடித்துவிட்டேன், எடுக்காவிட்டால் வாரேன் என்று அர்த்தம், அண்ணன் எடுக்கவில்லை, ஆகவே வருகிறான், பிறகு எதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், பைக்கில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சட்டை போட்டுக்கொள்வோம். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பான், ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தலையைத் தூக்கியிருப்பானா, அல்லது நிம்மதியாக இருந்தானா, அந்த இரண்டு மணி நேரமும் என்னோடு சமாதானமாகிவிட்டவனாகவே இருந்தானா, இதில் எதை நான் வேண்டிக்கொள்ள வேண்டும்.

"நீங்க எப்பம் புறப்படலாம்னு இருந்தீங்க அத்தான்?" என்று கோகிலா கேட்கிறாள், சாதாரணமாக, பஸ் நேரம் கேட்பதுபோல. காலைல, என்கிறேன். அவள் தலையை ஆட்டுகிறாள், காலைல என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள், நான் கீழே குனிந்து ஏழாவது பாராவைப் பார்க்கிறேன், காலைல என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், காராச்சேவுகூட நினைத்தேன், ஆனால் ஐப்பசிக்கும் தைக்கும் நடுவே எத்தனை ராத்திரி படுக்கும்போது இதே சொல்லைச் சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறேன், காலைல போவோம், காலைல போவோம் என்று, அந்தக் காலையும் அவற்றில் ஒன்றுதானா இல்லையா என்று, இப்போது அவள் திரும்பிக் கேட்டால், எனக்கே தெரியவில்லை.