கட்டைவிரல் நுழையாத கத்தரிக்கோல்

அந்த மீசை கதவுக்குள் நேராக நுழையாது. மீசைக்காரர் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்துதான் சலூனுக்குள் வருவார். ஒருமுறை அவர் தும்மியபோது மீசை நுனி பட்டு மின்விசிறியே கோணிப்போனது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் கோணலாகத்தான் சுற்றுகிறது.

நாளைச் சாயங்காலம் அந்த மீசையைத் திருத்தியாக வேண்டும். மறுநாள் மீசைப் போட்டி. சலூன்காரரின் வலது கட்டைவிரலோ நாற்காலியை உயர்த்தும் கம்பியில் நசுங்கிப் பலூனாகக் கிடந்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழைந்தால்தானே!

எதிர்க்கடையும் சலூன்தான். அதை நடத்துபவன் வேறு யாருமில்லை, இவர் மனைவியின் தம்பி. காலையிலேயே வந்து, இவருடைய ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பரை விரித்துவிட்டான்.

"மாமா, மீசைய எங்கிட்டத் தள்ளிடுங்க. நீங்க சீப்பு பிடிச்சுக்குங்க."

"முடி வெட்டணுமாடா?"

"சும்மா உட்காரத்தான்."

வந்த வாடிக்கையாளர்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி மதியம் வந்ததும் அவர் மணிக்கட்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னங்க இது, இத்தன ரப்பர் பேண்டு?"

"காலைல நீ குடுத்த வீக்க மாத்திரை விரலுக்குப் போயிருக்கும்ல? திரும்பி ஓடிடாம அணை கட்டியிருக்கேன்."

"நல்லாக் கட்டினீங்க போங்க! ரத்தம் போற வழியையே அடைச்சுட்டு!" ரப்பர்களை அறுத்தெறிந்தாள். "மாத்திரைக்கு விலாசமெல்லாம் தெரியாது. கரைஞ்சு, ரத்தத்தோட ஒடம்பு முழுக்கச் சுத்தும். அடிபட்ட எடத்துல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு ஊறும்..."

"பேரக் கேட்டாலே வலிக்குதே!"

"வலியும் வீக்கமும் அதனாலதான். அதத் தயாரிக்கிற நொதி உங்க நாற்காலி மாதிரி. மூலப்பொருள் வந்து உட்கார்ந்து, ப்ராஸ்டாகிளாண்டினா மாறி எந்திரிச்சுப் போகும். மாத்திரை முந்திப் போய் அந்த நாற்காலியப் பிடிச்சுக்கும். முடியும் வெட்டிக்காது, எடமும் விடாது."

சலூன்காரர் மெல்லத் திரும்பிப் பேப்பரைப் பார்த்தார்.

"உன் தம்பிதான் மாத்திரைன்னு சொல்லு!"

பேப்பர் லேசாக ஆடியது.

"வயித்துலயும் அதே மாதிரி நாற்காலி இருக்குங்க. அங்க ஊறுறது வயித்துச் சுவரக் காக்கும். மாத்திரை அதையும் நிறுத்திடும். அதான் வெறும் வயித்துல போடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன்."

சலூன்காரர் வயிறாரச் சாப்பிட்டார். வேளை வந்ததும் மாத்திரையைப் போட்டார். விரலில் ஐஸ் வைத்து, கையை உயர்த்தியபடியே படுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த பள்ளி வாத்தியார், "என்ன சந்தேகம், கேளுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மீசை பக்கவாட்டில் உள்ளே வந்தது. எதிர்க்கடையில் மச்சான் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டு நின்றான். சலூன்காரர் வளையத்துக்குள் விரலை விட்டார். மூட்டில் சிக்கியது. தெருவே மூச்சைப் பிடித்தது. லேசாக ஒரு திருகு. நுழைந்துவிட்டது!

அப்புறம் கேட்க வேண்டுமா? தரையில் விழுந்த முடியில் இரண்டு குருவிகள் குடித்தனம் வைக்கலாம். திருத்திய மீசைமேல் எதிர்வீட்டுக் கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"மாமா, தோத்துட்டேன்" என்று மச்சானே முதலில் கைதட்டினான்.

போட்டியில் மற்றவர்கள் அந்த மீசையைப் பார்த்ததுமே வீட்டுக்குப் போய் மழித்துக்கொண்டார்கள். கோப்பையோடு ஊர்வலம் திரும்பியபோது மீசைக்கு வழிவிட்டு இருபக்கமும் பேருந்துகள் ஒதுங்கின. பின்னால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபடி வந்தார் சலூன்காரர். லிப்ட் கேட்கிறார் என்று நினைத்து லாரி ஒன்று நின்றேவிட்டது.