இரட்டை அலைக்கோடு

அப்பா ஸ்தோயில் பசைத் தூரிகையைக் குடியிருப்பின் வாசல் கதவில் மேலும் கீழும் இழுத்தார். "மூலையப் பிடிம்மா நேவேனா, காத்து தூக்குது."

இரண்டு மணிக்கு அடக்கம். அதற்குள் வாசல்கள், மரங்கள், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றிலும் சாவறிவிப்பு ஒட்டியாக வேண்டும். நேவேனாவின் தம்பி காமென், சாவதற்கு முன்பே தன்னுடையதைத் தானே மருத்துவமனைப் படுக்கையில் தட்டச்சு செய்து வைத்திருந்தான். விடிந்ததும் அப்பா அதை அச்சுக்கடைக்குக் கொண்டுபோய் முப்பது தாள் எடுத்து வந்துவிட்டார்.

தாளைப் பார்த்ததும் நேவேனாவுக்குத் திக்கென்றது. கடைக்காரர் மேலே படத்தைச் சேர்த்துவிட்டு, மற்றதைக் கோப்பில் இருந்தபடியே அடித்துக் கொடுத்திருந்தார். பெயருக்கு முன்னால் # என்ற வேலிக்குறி. தேதியைச் சுற்றி நட்சத்திரங்கள். மென்பொருள் கையேடு எழுதுகிறவன் காமென். எதையும் இப்படித்தான் எழுதுவான். எது தலைப்பு, எது தடித்த எழுத்து என்று கணினிக்குச் சொல்லும் குறிகள் அவை. அச்சில் வரவே கூடாதவை.

"இதெல்லாம் எடுத்துடவான்னு கேட்டான் கடைக்காரன். என் பையன் வெச்சதுல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்னேன்."

அவர் விரல் கடைசி வரிக்கு வந்தது.

துயருறுவோர்: அக்கா நேவேனா, ~~அப்பா ஸ்தோயில்~~

"பாத்தியா? ஆறு வருஷம் பேசாதவன் என் பேரப் போட்டிருக்கான். அதுவும் எனக்கு மட்டும் ரெண்டு பக்கமும் அலை! டான்யூப் ஆத்துல படகு ஓட்டினவன்னு மறக்கல பாரு."

போன வாரம் ஆப்பிள் பையோடு மருத்துவமனைத் தாழ்வாரம் வரை வந்து, அறைக்குள் போகாமல் திரும்பிய மனிதர்.

காமெனின் கையேடுகளுக்குப் பிழை திருத்தியவள் நேவேனாதான். அந்த இரட்டை அலைக்கோடுகளுக்கு நடுவில் இருப்பதைக் கணினி குறுக்கே கோடிட்டு அடித்துக் காட்டும். அப்பாவை எழுதியிருக்கிறான், பிறகு அடித்திருக்கிறான். மொத்தமாக நீக்க ஒரு பொத்தான் போதும். அதை அவன் அழுத்தவில்லை. ஏன் என்று கேட்க இனி ஆளில்லை.

"என்னடி முழிக்கிறே? அலை நல்லால்லியா?"

"நல்லாருக்குப்பா."

"நாப்பதாம் நாள் ஒட்டுற நினைவுத் தாளுக்கும் இதேதான். ஒரு புள்ளி மாறக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரிப்பா."

அவர் உள்ளங்கையால் தாளைத் தேய்த்துவிட்டார். எங்கும் குமிழ் இல்லை. ஆனாலும் அவருடைய கட்டைவிரல் கடைசி வரியின் மேல் போய்ப் போய் வந்தது. ஈரத்தில் மை லேசாகப் பரவத் தொடங்கியது. கையை எடுங்கள் என்று நேவேனா சொல்லவில்லை.