கை எட்டும் ஆழம்

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் ஊர்க் கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை நுண்ணுயிர்கள். அவை உயிரோடிருந்தால் தொட்டியில் ஈரமண் வாசம் வரும். அன்று காலை பிண நாற்றம் வந்தது. எவனோ சாக்கடையில் விஷத்தை ஊற்றி அத்தனையையும் கொன்றிருந்தான். ஆற்றுக்குப் போகும் வால்வை உடனே அடைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் கழிவு எதிர்த்து ஏறி, என் மனைவியின் அண்ணன் நடத்தும், சயனைடு புழங்கும் முலாம் பட்டறைக்குள் புகுந்தது. மச்சான் இரும்புக் கம்பியோடு வந்தான்.

"ஆத்துல தொறந்து விடு மாப்ளே."

"நீ ஊத்தின விஷத்தையா?"

"என் தங்கச்சி மேல சத்தியம். நான் விடறது வெறும் சோப்புத் தண்ணி."

"பச்சைப் புளுகு!"

முதல் அடி தோளில் இறங்கியது. அடுத்ததில் முன்பல் தெறித்தது. மாப்பிள்ளை மரியாதையும் அதோடு போயிற்று. நான் அவன் காதைக் கடித்துப் பிய்த்தேன். அவன் என்னைத் தொட்டிச் சுவரில் சாய்த்துக் கழுத்தை நெரித்தான்.

"சாவியக் குடுடா, நாயே!"

சாவியைத் தொட்டிக்குள் எறிந்தேன். சுவரோரத் திண்டில், கை எட்டும் ஆழத்தில் விழுந்தது.

"எடுத்துக்கோ."

கம்பியைப் போட்டுவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். குனிந்தான். விரல்கள் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டன.

சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த என் மனைவி வாசலில் நின்றாள்.

"சோப்புத் தண்ணிதானேண்ணா," என்றாள். "கைய விடு."